செமோர் சாலையில் நின்றுபோன மோட்டார்

என் அக்காவுக்கு ஒரே மகள், சிவகாமி. அத்தான் காலமான பிறகு எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அவளை மலாய் நாட்டுப் பெராக்கில் இருக்கும் ராமையாவுக்குப் பேசி முடித்திருந்தார்கள். எங்களுக்குத் தூரத்து உறவு. சிறு வயதிலேயே தன் அத்தையோடு கப்பலேறிப் போனவன், இப்போது ஈப்போவில் வாடகைக்கு மோட்டார் கார் ஓட்டுகிறான். ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். அதில் மாப்பிள்ளையைவிட மோட்டார்தான் பெரிதாகத் தெரிந்தது.

பெண்ணை அழைத்துப்போய்க் கல்யாணம் முடித்துவிட்டு வரும் பொறுப்பு தாய்மாமனான என் தலையில் விழுந்தது. அக்கா நாகப்பட்டினம் வரைக்கும் வந்தாள். கப்பலுக்குப் படகு ஏறும்போது என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"ரெண்டு நாளாவது அவன்கூட இருந்து பாரு. மனசுக்குச் சரியாப் படலைன்னா தாலி கட்ட விடாதே. புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரு. ஊரு என்ன வேணும்னாலும் பேசட்டும்."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம். கடலைத் தாண்டிப் போய்விட்டுப் பெண்ணைத் திரும்பக் கொண்டுவருவது எத்தனை பெரிய காரியம் என்பது கப்பல் கரையை விட்டு நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

எனக்குத் தொழில் சுண்ணாம்புக் காளவாசல். தொண்டிக்குத் தெற்கே, கடலோரம். கிளிஞ்சலும் கல்லும் வேகவைத்து விற்கிறவன். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் வேகுமா வேகாதா என்று யோசிக்கிற புத்தி. இந்தப் புத்தியோடுதான் பினாங்கில் இறங்கினேன்.

கப்பலில் மேல்தட்டில் படுத்து வந்த எங்களை முதலில் ஒரு தீவில் வைத்து, அம்மை கிம்மை இருக்கிறதா என்று பார்த்துத்தான் விட்டார்கள். வெளியே வந்ததும் ஒரு சீனர் கடையில் கோப்பி குடித்தோம். கருப்பாக, அடியில் டின் பால் கெட்டியாகத் தேங்கி இருந்தது. கலக்காமல் குடித்த எனக்கு முதல் பாதி கஷாயமாகவும் பின்பாதி பாயசமாகவும் இருந்தது. சிவகாமி பக்கத்து மேசையைப் பார்த்துக் கலக்கிக் குடித்தாள். அவள் எதையும் கேட்க மாட்டாள். பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

ரயிலில் இருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பச்சை. எங்கள் ஊரில் பச்சை என்பது ஐப்பசிக்குப் பிறகு கொஞ்ச நாள் வந்துபோகும் விருந்தாளி. இங்கே அது வீட்டுக்காரன். தந்திக் கம்பத்தில் கொடி, பாலத்துச் சுவரில் செடி, நின்றுபோன ரயில் பெட்டி ஒன்றின் கூரையில்கூட ஒரு சின்ன மரம். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு தோட்டத்துத் தமிழர் நான் வாய் பிளப்பதைப் பார்த்துச் சிரித்தார். "இங்க கைத்தடிய ஊணிட்டுத் தூங்கினா அதுவும் துளுத்துரும் அண்ணே" என்றார்.

கோலா கங்சார் ஸ்டேஷனில் ராமையா நின்றான். போட்டோவில் இருந்த அதே கோட்டு. அது இரவல் கோட்டு என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது. கும்பிட்டான். என் கையிலிருந்த மூட்டையை வாங்கினான். சிவகாமி பக்கம் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஆனால் அவள் ஏறும் இடத்தில் மோட்டாரின் படியைத் தன் துண்டால் துடைத்துவிட்டான்.

அவனுடைய அத்தை அங்கம்மாவும் வந்திருந்தார். சுங்காய் சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். என்னைவிட மூத்தவர், குள்ளமானவர், சத்தமான பேச்சு. "தம்பி, பசியா இருக்கும். வீட்டுக்குப் போலாம், வாங்க. பொண்ணு வாடிப் போயி இருக்கு லா" என்று அந்த நாட்டு 'லா'வோடு சொல்லிச் சிவகாமியின் கன்னத்தைத் தடவினார். அன்று தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில், அவர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் நால்வருமாக ஈப்போ போவது, அதற்கு மறுநாள் காலை கோவிலில் கல்யாணம் என்று ஏற்பாடு.

ஊரைத் தாண்டியதும் பெராக் ஆறு வந்தது. எனக்கு வைகை தெரியும். அதில் மணல் ஓடும். இங்கே ஒரு கரையிலிருந்து மறு கரை வரை தண்ணீர், பழுப்பு நிறத்தில், சத்தமே இல்லாமல், யாரையும் சட்டை செய்யாமல் போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் படகுகளை வரிசையாகக் கட்டிப் பலகை பரப்பி ஒரு பாலம். மோட்டார் ஏறியதும் பாலம் எங்களுக்குக் கீழே மெல்ல அமுங்கி, பின்னால் எழுந்தது. சிவகாமி பலகை இடுக்கு வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "மாமா, இது எங்கேயும் நிக்காதா?" என்று கேட்டாள். கோடையிலும் வற்றாதா என்று கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. முன்னால் இருந்து ராமையா, "நான் வந்த நாள்லேர்ந்து ஒருநாளும் வத்துனது இல்ல" என்றான், சாலையைப் பார்த்தபடியே.

தோட்டம் பற்றி எவ்வளவோ கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் மரங்கள் அப்படி வரிசை பிடித்து நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நேர்கோடு. மோட்டார் நகர நகர அந்தக் கோடுகள் விசிறி மாதிரி விரிந்து மடங்கின. ஒவ்வொரு மரத்துக்கும் பட்டையில் சாய்வாக ஒரு வெட்டு, கீழே ஒரு சின்னக் கிண்ணம். காடு என்று சொல்ல முடியாது, தோப்பு என்றும் சொல்ல முடியாது.

அன்று அங்கம்மா வீட்டில் சோறு, நெத்திலிச் சம்பல், மரவள்ளிக் கிழங்கு. கடைசியில் ஊதா நிறத்தில் ஒரு பழம் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் அழுத்திப் பிளந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று சுளை. மங்குஸ்தான். என் வாழ்நாளில் அப்படி ஒரு இனிப்பைத் தின்றதில்லை. துரியான் என்று இன்னொன்றும் கொடுத்தார்கள். அதன் நாற்றத்தைப் பற்றி எழுதாமல் இருப்பது மரியாதை.

ராமையா அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் மோட்டாரைப் பற்றி. எந்த மேட்டில் திணறும், எந்த மழையில் வழுக்கும் என்று. நல்லவனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுண்ணாம்பு என்றால் தண்ணீர் தெளித்து, பொங்குகிறதா என்று பார்க்கலாம்.

மறுநாள் காலை புறப்பட்டோம். மோட்டார் அன்று ஓடிய ஓட்டத்தை என்ன சொல்ல. மேடு வந்தால் மூச்சு விடாமல் ஏறியது. அங்கம்மா முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "டேய், பறக்காதடா, பைய, பைய" என்று கத்தினார். ராமையாவின் முதுகில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்து, "எப்புடி இருக்கு மாமா வண்டி?" என்றான். குதிரை மாதிரி இருக்கிறது என்றேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

செமோருக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, சாலை ஓரத்தில் ஒரு ஓடையைப் பார்த்துவிட்டு அங்கம்மா நிறுத்தச் சொன்னார். கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டோம். கை கழுவினோம். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று ஏறி உட்கார்ந்தோம்.

ராமையா முன்னால் போய், எஞ்சினைக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடியைச் சுழற்றினான். எஞ்சின் ஒருமுறை செருமிவிட்டு அடங்கியது. மறுபடி சுழற்றினான். செருமல்கூட இல்லை. கோட்டைக் கழற்றினான். சட்டைக் கையைச் சுருட்டினான். சுழற்றிச் சுழற்றி அவன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. திடீரென்று கைப்பிடி எதிர்த்து உதைத்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்துவிட்டது.

அங்கம்மா ஓடிப்போய்ப் பார்த்தார். "எலும்பு முறியல. வீங்கிப்போகும்" என்று சொல்லித் தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினார்.

ராமையா எஞ்சின் மூடியைத் திறந்து, பெட்ரோல் இறங்கும் பித்தளைச் சாமானை இடது கையாலேயே கழற்றினான். நான் எட்டிப் பார்த்தேன். அதன் நுண்ணிய துளையில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. காளவாசல்காரன் கண்ணுக்கு வெள்ளை தப்புமா. "இதென்ன ராமையா, வெள்ளையா?" என்றேன்.

அவன் அதை ஊதித் தட்டினான். துண்டால் துடைத்தான். பிறகு, "எண்ணெய்ல கலப்படம் மாமா. நேத்து வரும்போது செமோர்ல ஒரு சீனர் கடையில வாங்கினது. ஏமாத்திட்டான்" என்றான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சுண்ணாம்பில் சாம்பலைக் கலந்து விற்கிற ஆட்களோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவன் நான். "அந்தக் கடையக் காட்டு. நான் கேக்குறேன்" என்றேன். "போகட்டும் மாமா" என்றான். "எப்படிப் போகட்டும்? கல்யாணத்துக்குப் போற வண்டி" என்றேன். சிவகாமி வண்டிக்குள் உட்கார்ந்து தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துளையைச் சுத்தம் பண்ணி மாட்டியதும் எஞ்சின் நாலு தடவை இருமியது. திரும்பவும் அடைத்துக்கொண்டது. தொட்டியில் இருப்பது அத்தனையும் அதே பெட்ரோல். மாற்று பெட்ரோல் இல்லை.

அந்த நேரம் பார்த்து மழை வந்தது. இந்த நாட்டு மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. எங்கள் ஊரில் ஒரு வருஷத்துக்குப் பெய்வதை இங்கே ஒரு மத்தியானத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. ரப்பர் மரங்களுக்குள் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஓடினோம். உள்ளே பால் எடுத்து முடித்த பெண்கள் நாலைந்து பேர் ஒதுங்கியிருந்தார்கள். எல்லாரும் சேலம், ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழ். கல்யாணப் பெண் என்று தெரிந்ததும் சிவகாமியை நடுவில் உட்காரவைத்து, போத்தலில் கொண்டுவந்திருந்த கோப்பியைக் கொடுத்தார்கள்.

"மாப்பிள்ள வண்டியே மக்கர் பண்ணுதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மாப்பிள்ள மக்கர் பண்ணாம இருந்தாச் சரி" என்றாள் இன்னொருத்தி. சிவகாமி தலையைக் குனிந்து சிரித்தாள். ராமையா கொட்டகைக்கு வெளியே மழையில் நின்றுகொண்டு, மோட்டார் மீது போட்டிருந்த துணி பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

மழை விட்டதும் என்னிடம் வந்தான். "மாமா, நீங்க மூணு பேரும் நடந்து போனா ரயில் ஸ்டேஷன் வந்துரும். நீங்க ஈப்போ போயிருங்க. வண்டிய விட்டுட்டு நான் வர முடியாது. பாதி எனக்கு, பாதி என் கூட்டாளிக்கு. எப்படியாச்சும் இழுத்துக்கிட்டு விடியறதுக்குள்ள வந்துருவேன்."

அதுதான் சரி என்று எனக்குப் பட்டது. மனதுக்குள் இன்னொன்றும் ஓடியது. ரயில் ஏறினால் பினாங்கு வரைக்கும்கூடப் போகலாம். அக்கா சொன்னது காதில் விழுந்தது. நான் எழுந்தேன்.

"நான் இந்த வண்டியிலயே வாரேன் மாமா" என்றாள் சிவகாமி. என்னிடம்தான் சொன்னாள். ஆனால் முதல் தடவையாக அவனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எதையோ விழுங்கியவன் மாதிரி அப்பால் போய்விட்டான்.

அடுத்து நடந்ததை ஊரில் சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. மரங்களுக்கு நடுவே இருந்து ஒரு யானை வெளியே வந்தது. கழுத்தில் ஒரு மலாய்க்காரர், தலையில் துணி, வாயில் சுருட்டு. மலைக்காட்டில் மரம் இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்த யானை கருங்கல் மாதிரி பளபளத்தது. நான் பார்த்த யானையெல்லாம் கோவில் யானை. நெற்றியில் நாமமோ பட்டையோ போட்டு, காசுக்குத் துதிக்கை நீட்டுவது. இது எதற்கும் நீட்டவில்லை. காட்டிலிருந்து வந்தது, காட்டைப் போலவே நின்றது.

அங்கம்மா மலாயில் கடகடவென்று பேசினார். பிறகு எனக்குச் சொன்னார்: "செமோர் வரைக்கும் இழுத்துத் தருவாராம். ஓடுற மோட்டாருன்னா இந்த யானைக்குப் பயமாம். செத்த மோட்டாருன்னா பரவாயில்லையாம்."

"யானைக்கு மலாயில என்ன பேரு?" என்று கேட்டேன்.

"கஜா."

நம் ஊர்ச் சொல் எங்களுக்கு முன்னாலேயே கப்பலேறி வந்து இங்கே குடியிருக்கிறது. இந்த யானைக்குத் தனிப் பெயர் மெலாத்தி. "அப்புடின்னா மல்லிகை" என்றார் அங்கம்மா. அந்தப் பெரிய உடம்பைப் பார்த்துவிட்டு மல்லிகை என்றதும் சிவகாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மரம் இழுக்கிற சங்கிலியை மோட்டாரின் முன் இரும்பில் கட்டினார்கள். ராமையா திருப்புகிற வளையத்தைப் பிடித்து உட்கார்ந்தான். நான் நடந்தே வருகிறேன் என்றேன். அங்கம்மா விடவில்லை. "யானை இழுக்குற மோட்டார்ல போறதுக்கு ராசாவுக்கே கொடுத்து வைக்கல. ஏறுங்க தம்பி." ஏறினேன்.

மோட்டார் அசைந்தது. எஞ்சின் சத்தம் இல்லாமல் ஒரு மோட்டாரில் போவது விநோதமான அனுபவம். சங்கிலி கிணுகிணுக்கிறது. இலையிலிருந்து நீர் சொட்டுகிறது. முன்னால் அந்தப் பெரிய கால்கள் ஒரு அவசரமும் இல்லாமல் சகதியில் பதிந்து எழுகின்றன.

ஒரு வளைவு திரும்பியதும் மலைகள் எதிரே வந்தன.

நான் எழுந்து நின்றுவிட்டேன். சமவெளியில் இருந்து, ஒரு சரிவும் இல்லாமல், நெட்டுக்குத்தாக, வெள்ளை வெள்ளையாகச் சுவர்கள். உச்சியில் காடு. இடுப்பில் குகைகள். மழை மேகம் பாதி மலையைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. பாறை முகத்தில் மழைநீர் நூலாக இறங்கியது. அத்தனையும் சுண்ணாம்புக் கல். என் அப்பா, நான், எங்கள் காளவாசலில் வேலை செய்தவர்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து சாகும்வரை வேகவைத்தாலும் அந்த மலையில் ஒரு காதைக்கூட எடுத்திருக்க முடியாது. கூடை கூடையாகக் கிளிஞ்சல் பொறுக்கிப் பிழைத்தவனுக்கு முன்னால் அதைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவன் என்ன செய்வான். கும்பிட்டேன். யாரைக் கும்பிடுகிறேன் என்று தெரியவில்லை. சிவகாமியும் கும்பிட்டாள்.

செமோர் கடைத்தெருவில் நாங்கள் நுழைந்தபோது ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. சீனப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். "தமிழர்கள் பெட்ரோலை விட்டுவிட்டு யானைக்குப் புல் போடக் கற்றுக்கொண்டார்கள்" என்று யாரோ சொன்னதாக அங்கம்மா மொழிபெயர்த்தார்.

யானைக்காரர் சங்கிலியை அவிழ்த்தார். யாரோ கொடுத்த வாழைத்தாரை மெலாத்தி வாங்கிக்கொண்டு, மோட்டார் உயிர் பெறுவதற்குள் நகர்ந்துவிட்டாள். நான் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "பெட்ரோல் வாங்கின கடை எது?"

ராமையா காதில் விழாதவன்போல எஞ்சின் மூடியைத் திறந்தான். ஆனால் கடை தானாகவே தெரிந்தது. எதிரே மளிகைக் கடை. வாசலில் பெட்ரோல் டின்கள். உள்ளே இருந்து ஒரு கிழச் சீனர் ராமையாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பழக்கமானவர் போலிருந்தது. நான் அவர் எதிரே போய் நின்றேன். அங்கம்மாவிடம், "கேளுங்கக்கா, எண்ணெயில என்ன கலந்து வித்தாருன்னு கேளுங்க" என்றேன்.

அங்கம்மா தயங்கினார். நான் மறுபடி சொன்னேன். கேட்டார்.

கிழவரின் சிரிப்பு நின்றது. மலாயில் ஏதோ சொன்னார். "டின்னு மூடினபடியே வருதாம். இவன் கண்ணு முன்னாலதான் ஒடச்சாராம்" என்றார் அங்கம்மா. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. யாரோ சீனத்தில் ஏதோ கேட்டார்கள். கிழவர் விருட்டென்று திரும்பினார். கடைக்குள் போனார். ஒரு முழு டின்னைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியை உடைத்தார். தெருவில் ஊற்றிக் காட்டப் போகிறார் என்று புரிந்தது.

ராமையா அந்த டின்னைப் பிடித்துவிட்டான், வீங்கின கையாலேயே.

"ஊத்த வேணாம்" என்று மலாயில் அவரிடம் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான். "இவர் மேல ஒரு தப்பும் இல்ல மாமா. நாந்தான் செஞ்சேன்."

வண்டியில் கிடந்த கோட்டின் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தான். காலி. ஈப்போவில் ஒரு கடையில் விற்கிறார்களாம், பெட்ரோலில் போடுகிற மாத்திரை. போட்டால் வண்டிக்கு இரண்டு மடங்கு பலம் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். "ஒண்ணு ரெண்டு போடச் சொன்னாங்க. பொண்ணு ஏறப்போற வண்டின்னு டப்பா முழுக்கப் போட்டுட்டேன். அதுதான் கரைஞ்சு போயி, துளையில வந்து உறைஞ்சு அடைச்சிருக்கு."

"அப்ப எதுக்குடா இவர் பேரைச் சொன்னே?" என்றேன். மாப்பிள்ளையை 'டா' போட்டது பிறகுதான் உறைத்தது.

"ஒரு முட்டாள்கிட்டப் பொண்ணக் கொடுக்க மாட்டோம்னு திரும்பிருவீங்களோன்னு பயந்துட்டேன். வாயில வந்தத சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அதை வெளியில எடுக்க முடியல." கூட்டத்துக்கு நடுவில் நின்று, இதையே கிழவரிடம் மலாயிலும் சொன்னான். கும்பிட்டான். கிழவர் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு டின்னை அவனிடமே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் சிவகாமியைக் கடை ஓரத்துக்கு அழைத்துப் போனேன். ஒரு கிழவரைத் தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தியதில் என் கோபத்துக்கும் பங்கு இருந்தது. "ஒங்கம்மா சொல்லித்தான் அனுப்பியிருக்கா. புடிக்கலைன்னா திரும்பிடலாம். இப்பவே" என்றேன்.

அவள் யோசிக்கவில்லை. யோசித்து முடித்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"எனக்குக் காலையிலயே தெரியும் மாமா. லயத்துல, கோழிக் கூண்டுக்குப் பக்கத்துல நின்னு வண்டியில எதையோ போட்டுக்கிட்டு இருந்தாரு. பாச்சை உருண்டை வாசனை அடிச்சுது. அம்மா பெட்டியில போடுவாங்கல்ல, அதே வாசனை. அவர் கலப்படம்னு சொன்னப்பவே பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா அந்த வண்டியிலயே வாரேன்னு சொன்னே?"

"எப்ப சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டே வந்தேன். ரயில்ல போயிருந்தா தெரியாமலே போயிருக்கும்."

ஆற்றையும் மலையையும் யானையையும் பார்த்து வாய் பிளந்தவன் நான். என் வீட்டில் வளர்ந்த இந்தப் பெண்ணை இத்தனை நாள் எங்கே பார்த்தேன்?

"இப்ப என்ன சொல்றே?" என்றேன்.

"அந்தத் தாத்தா ஊத்தப் போனப்ப, இவரு டின்னைப் பிடிக்காம நின்னிருந்தா நான் உங்ககூட வந்திருப்பேன்" என்றாள்.

ராமையா தொட்டியின் அடித்திருகைத் திறந்து பழைய பெட்ரோலை வடித்தான். புதுசு விட்டுக் கழுவினான். பித்தளைத் துளையைத் துடைப்பக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்தான். எல்லாம் இடது கையால். வலது மணிக்கட்டு அதற்குள் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கைப்பிடியைச் சுழற்ற அவனால் முடியவில்லை. நான் போனேன். பாதிச் சுற்றுக்கு மேல் என்னால் தள்ள முடியவில்லை. அங்கம்மாவுக்கு அது அசையவே இல்லை. கூட்டத்தில் யாரையாவது கூப்பிடலாம் என்று ராமையா திரும்பினான்.

சிவகாமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தாள்.

யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டியது நான்தான். நான் நகர்ந்து வழிவிட்டேன். ராமையா அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டான். அவளை நேரே பார்த்து அவன் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "கட்டை வெரல மடக்காதீங்க. மத்த வெரலோட சேத்து வைங்க. அது எதுத்து ஒதைச்சா கைய உருவிரலாம். நான் மடக்கிட்டேன், அதான்."

அவள் விரலை மாற்றி வைத்தாள். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான். அவள் ஒருமுறை சுழற்றினாள். ஒன்றும் இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி சுழற்றினாள். மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. கூட்டத்தில் இருந்து ஒரு ஆரவாரம் வந்தது. கடை வாசலில் கிழவர் வந்து நின்று பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் கோபமும் இல்லை. போய்வாருங்கள் என்பதுபோலக் கையை அசைத்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஈப்போவுக்குள் போனோம். சுற்றிலும் அந்த வெள்ளை மலைகள் மஞ்சளாகி, பிறகு சிவந்தன. மறுநாள் காலை கோவிலில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வலது கையில் கட்டோடு தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சை அங்கம்மா போட்டுவிட்டார். சாப்பாட்டுக்கு முன் ராமையா செமோருக்குப் போய், கிழவரைக் கையோடு கூட்டிவந்தான். அவர் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ள ஒரு பாஷையும் இல்லை. என் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தேன். அவர் அதை உடைத்து, பாதியை எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பியதும் அக்கா என்னைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. ஆற்றைச் சொன்னேன். வரிசை மரங்களைச் சொன்னேன். மலையைச் சொன்னபோது கையைத் தலைக்கு மேலே தூக்கியும் போதவில்லை. யானையைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

"மாப்பிள்ளை எப்படி?" என்று கேட்டாள்.

"பொய் சொல்லத் தெரியாதவன்" என்றேன். சொன்ன பிறகு அது சரியில்லை என்று பட்டது. உட்கார்ந்து, காலையில் அவன் போட்ட மாத்திரையிலிருந்து செமோர் தெரு வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னேன். சிவகாமி கைப்பிடியைச் சுழற்றியது வரைக்கும்.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாத்திரையைப் பற்றிக் கேட்பாள், பொய்யைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"அந்தக் கைப்பிடி சுத்துறதுக்கு ரொம்பக் கனமா இருக்குமா?" என்று கேட்டாள்.

"ரொம்பக் கனம்" என்றேன்.

"அவளுக்குக் கை வலிச்சுதாமா?"

அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.